ஐம்பது துண்டு ஆரஞ்சுக் கயிறு

மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் கெட்டுப்போன பூட்டுகளில் பாதி, திருடன் கை வைத்துக் கெட்டவை அல்ல. இழுத்துப்பாரு பாய் இழுத்துப் பார்த்துக் கெட்டவை. தன் கடைப் பூட்டு, பக்கத்துக் கடைப் பூட்டு, டீ குடிக்கப் போகிற வழியில் கண்ணில் படும் யாரோ ஒருவரின் ஷட்டர் பூட்டு என்று அவர் வித்தியாசமே பார்க்கமாட்டார். குனிவார், பிடிப்பார், மூன்று தடவை இழுப்பார். யாராவது முறைத்தால், "உன்னுதா? நல்லா கீது" என்று சர்டிபிகேட் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுவார்.

அவருடைய நிஜப் பெயர் கடை போர்டில்கூட இல்லை. பெயரைப் போட்டால் எவனாவது தெரிந்தவன் மாதிரி வந்து நிற்பான் என்று சந்தேகம். 'கயிறு, தார்ப்பாய் கிடைக்கும்' என்று மட்டும் எழுதியிருக்கும்.

அந்தக் கடையில் நான் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தேன். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்பதால் எனக்குத் தெரியாத விஷயம் நிறைய. தெரியாதது எல்லாமே எனக்குப் பயம். பாய்க்கோ தெரிந்ததன் மேல்தான் சந்தேகம். இப்படிப்பட்ட இரண்டு பேர் ஒரே கல்லாவுக்குப் பின்னால் பதினெட்டு வருஷம் உட்கார்ந்திருந்தோம் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நைலான் கயிறு புது ரோல் வந்தால், எவ்வளவு கனம் தாங்கும் என்று கம்பெனிக்காரன் ஒட்டியிருக்கும் சீட்டை அவர் படிக்கவே மாட்டார். கடைக் கூரையில் ஒரு இரும்புக் கொக்கி உண்டு. அதில் கயிற்றை மாட்டி, செருப்பைக் கழற்றிவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்துத் தானே தொங்குவார். வயசு அறுபத்திரண்டு. தார்ப்பாய் வாங்க வந்த ஒரு அம்மா அண்ணாந்து பார்த்து, "இன்னா பாய், இதுக்கு மேல ஒசரமாவப் போறியா?" என்று கேட்டது.

"பில்டிங்குக்கு பெயிண்ட் அடிக்கிறவன் நாலாவது மாடில இத்தப் புட்ச்சிகினுதாம்மா நிப்பான்" என்று தொங்கியபடியே பதில் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, "யோவ் மாணிக்கம், ஸ்டூல நவுத்து" என்றார். ஏறுவது சுலபம். இறங்கத்தான் அவருக்கு ஆள் வேண்டும்.

அந்தப் பதினெட்டு வருஷத்தில் அவர் என் கையில் கொடுக்காத ஒரே பொருள் கடைச் சாவி. அது அவருடைய பச்சை பெல்ட்டில் பை போட்டு, ஜிப் போட்டு, அதன்மேல் ஒரு ஊக்கும் குத்தி இருக்கும்.

பதினெட்டாவது வருஷத்தில்தான் பாய்க்கும் பாய் வீட்டம்மாவுக்கும் ஹஜ்ஜுக்கு இடம் கிடைத்தது. நாற்பது நாள். இதற்கு முன் இரண்டு தடவை, சாவியை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கடைசி நேரத்தில் பேரை வாபஸ் வாங்கியவர் அவர். இந்தத் தடவை பாய் வீட்டம்மா நேராகக் கடைக்கே வந்து நின்றது.

"இந்த வாட்டியும் சாவி, பூட்டுன்னு சொன்னீங்கன்னா நான் என் தம்பி கூட போயிட்டு வரேன். நீங்க பூட்டைக் கட்டிப் புடிச்சிகினு படுத்துக்கோங்க."

"நாப்பது நாளு மூடி வச்சா எலி கயித்தக் கடிக்கும். எவன் பாக்கறது?"

"ஏன், மாணிக்கம் இல்ல?"

பாய் என்னைப் பார்த்தார். பூட்டைப் பார்க்கிற மாதிரியே பார்த்தார்.

அடுத்த வாரம் திடீரென்று சொன்னார். "ஞாயித்துக்கெயம மலை ஏறப் போறோம். ஜவ்வாது மலை. கார்த்தால ஏறி சாய்ந்தரம் எறங்கிடலாம்."

"எதுக்கு பாய்?"

"அங்க போனா நெறைய நடக்கணும்யா. டாக்டர் கால பழக்கச் சொல்லிகீறாரு."

கால் பழகுவதற்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் நடந்தால் ஆகாதா? அதற்கு ஏன் மலை, ஏன் காடு, ஏன் நான்? டீ வாங்கித் தருவதற்கு முன்னால் 'கார்த்தால குடிக்கலியா?' என்று விசாரிக்கிற மனுஷன் இவர். கூட வருவது எதிர்க்கடை செல்வம் சார் என்று தெரிந்ததும்தான் எனக்கு விளங்கியது. செல்வம் சாருக்குப் பெயிண்ட் வியாபாரம். வாயைத் திறந்தால் 'நோ டென்ஷன்' என்பார். சாவியை ஸ்கூட்டரிலேயே விட்டுவிட்டுப் போகிற தைரியசாலி. பாய்க்கு இருபது வருஷ சினேகிதர்.

ஆக, இது நடைப்பயிற்சி இல்லை. பரீட்சை. சாவி ஒன்று, ஆள் இரண்டு. நான் கடைசியாக எழுதிய பரீட்சை ஏழாம் வகுப்பு முழுப்பரீட்சை. அதன் ரிசல்ட்டை மேலேயே சொல்லிவிட்டேன்.

விடியற்காலையில் செல்வம் சார் காரில் கிளம்பினோம். போனில் வழி சொல்லும் பெண் குரல், செங்கல்பட்டு தாண்டியதும் வலது பக்கம் திரும்பச் சொன்னது.

"யாரு இந்தம்மா?" என்றார் பாய்.

"மேப்பு பாய்."

"இவுங்க இந்தப் பக்கம் வந்துகீறாங்களா?"

பாய் கண்ணாடியை இறக்கி, வழியில் மூன்று டீக்கடைகளில் விசாரித்து, அந்தம்மா சொன்னது சரிதான் என்று உறுதி செய்துகொண்ட பிறகு, "பரவால்ல, வழி தெரிஞ்ச பொண்ணுதான்" என்றார்.

மலையடிவாரத்தில் செக்போஸ்ட். காட்டுக்குள் தனியாகப் போகக்கூடாது என்று கோவிந்தன் என்ற வழிகாட்டியைக் கூட அனுப்பினார்கள். முப்பது வயசிருக்கும், அந்த மலையிலேயே பிறந்தவர். செக்போஸ்ட்டில் இருந்த ஃபாரஸ்ட் கார்டு ஒரு நோட்டை நீட்டினார். "அஞ்சு மணிக்குள்ள எறங்கிடணும். உள்ள பிளாஸ்டிக் ஒரு துண்டு கெடந்தாலும் ஃபைன். யாரு கையெழுத்து போடறீங்களோ அவங்கதான் பொறுப்பு."

பாய் எதையும் முழுக்கப் படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டார். அந்த நோட்டின் முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். போன மாசம் வந்தவர்களின் பெயர்களுக்கே இன்னும் வந்து சேரவில்லை. செல்வம் சார் மூக்குக்கண்ணாடி காரில் இருந்தது. கடைசியில் பேனாவை என் கையில் திணித்தார்கள். என் பெயரை எழுதியதுமே எனக்கு வேர்த்துவிட்டது. ஃபைன் கட்டாமல் கோர்ட்டுக்குப் போவது வரை யோசித்து முடித்துவிட்டேன்.

காட்டுக்குள் நுழைந்ததும் பாறையில் வெள்ளை பெயிண்டில் அம்புக்குறி போட்டிருந்தது. பாய் நின்றுவிட்டார்.

"எவன் போட்டான் இத்த?"

"ஃபாரஸ்ட்டுல போட்டது சார்" என்றார் கோவிந்தன்.

"போட்டவன் கரீட்டாதான் போட்டான்னு யாரு பாத்தா?"

செல்வம் சார் குனிந்து தடவிப் பார்த்து, "நம்ம கடைச் சரக்கு மாதிரி இருக்கு பாய்" என்றார்.

"அப்ப கண்டிப்பா நம்பக்கூடாது" என்று பாய் பையைத் திறந்தார்.

உள்ளே ஐம்பது துண்டு ஆரஞ்சு நைலான் கயிறு. முதல் நாளே ஜாண் ஜாணாக அளந்து வெட்டி, இழை பிரியாமல் இருக்க ஒவ்வொரு நுனியையும் மெழுகுவத்தியில் காட்டி உருக்கி வைத்திருந்தார். திருப்பத்துக்கு ஒன்றாகச் செடியில் கட்டிக்கொண்டே போவதாம். இறங்கும்போது அதைப் பார்த்துக்கொண்டே வருவதாம். ஒரு துண்டைக் கட்டினார், மூன்று தடவை இழுத்தார், நடந்தார்.

கடைசியாக வந்த நான் அந்தத் துண்டைப் பார்த்தேன். நைலான் என்றால் பிளாஸ்டிக். நோட்டில் இருப்பது என் கையெழுத்து.

அவிழ்த்து என் பையில் போட்டுக்கொண்டேன்.

இப்போது யோசித்தால் சிரிப்பாக இருக்கிறது. வழிகாட்டியே முன்னால் போகும்போது இந்தக் கயிறு எதற்கு உதவப்போகிறது என்றுதான் அப்போது நினைத்தேன். பாய் கட்டக் கட்ட நான் அவிழ்த்தேன். அவர் முடிச்சு லேசில் அவிழாது. நகம் இரண்டு போனது. மூங்கில் புதர் தாண்டி, சரளைக்கல் சரிவு தாண்டி, நாலு காலில் ஊர்ந்து போகிற பாறை தாண்டி, மூச்சு எனக்கு வாய், காது எல்லாவற்றிலும் வந்துகொண்டிருந்தது. அதற்கு நடுவில் ஒரு துண்டுகூட விடவில்லை. செங்குத்துப் பாறையில் இரும்புக் கம்பி நட்டிருந்தார்கள். பாய் அதை நம்பாமல், தனியாகக் கொண்டுவந்த நீளக் கயிற்றைக் கோவிந்தனிடம் கொடுத்து மேலே மரத்தில் கட்டச் சொல்லி, அந்த மரத்தையும் கீழிருந்தே இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார்.

உச்சியில் ஒரு மொட்டைப்பாறை. மூன்று பக்கமும் பள்ளம். கீழே காடு பச்சைத் தார்ப்பாய் விரித்த மாதிரி கிடந்தது. செல்வம் சார் விளிம்பில் நின்று போட்டோ எடுத்தார். பாய் விளிம்பை ஒட்டி முளைத்திருந்த ஒரு முள்செடியில் ஐம்பதாவது துண்டைக் கட்டினார். அதை மட்டும் நான் அவிழ்க்கவில்லை. கிட்டே போகவே கால் வரவில்லை. உட்கார்ந்தபடியே பின்னால் நகர்ந்து, ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டுதான் புளிசாதம் சாப்பிட்டேன்.

இறங்கும்போது வழி இரண்டாகப் பிரிகிற இடத்தில் வினை ஆரம்பித்தது. கோவிந்தன் இடது பக்கம் திரும்பினார்.

"நில்லு" என்றார் பாய். "இது நாம வந்த வழியில்ல."

"இதான் சார் வழி."

"இதான் வழின்னா என் கயிறு எங்க?"

கோவிந்தன் செடியைப் பார்த்தார். செடியில் ஒன்றுமில்லை. செல்வம் சார் "நோ டென்ஷன்" என்றார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

"அதோ, அங்க ஆரஞ்சா தெரியுது" என்று பாய் வலது பக்கம் இறங்கிவிட்டார். கிட்டே போனால் அது பழுத்த இலை. அதற்கு அப்பால் இன்னொரு பழுத்த இலை. சார், சார் என்று கூப்பிட்டபடி கோவிந்தன் பின்னாலேயே வந்தார். அரைமணி நேரம் இலை இலையாக இறங்கி, கடைசியில் ஒரு ஓடையில் போய் நின்றோம். அதற்கு மேல் வழியில்லை. பாறை நேராகக் கீழே இறங்கியது. மணி மூன்றேகால்.

பாய் அண்ணாந்து பார்த்தார். எங்கள் தலைக்கு மேல் ரொம்ப உயரத்தில் அந்த மொட்டைப்பாறை. அதன் ஓரத்தில் பொட்டு மாதிரி ஒரு ஆரஞ்சு, காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"அது கீது" என்றார் மெதுவாக. "மேல கட்டனது கீது. கீழ கட்டனது மட்டும் இல்ல. அப்ப வழி தெரிஞ்சவன்தான் அவுத்துகீறான்." கோவிந்தன் பக்கம் திரும்பினார். "இன்னா தம்பி?"

"நானா? நான் எதுக்கு சார் அவுக்கப் போறேன்? நான்தான் முன்னாடி போனேனே."

"எங்கள சுத்த வுட்டு இன்னா பண்ணலாம்னு பாத்த?"

கோவிந்தன் கையிலிருந்த கழியைத் தரையில் ஊன்றினார். "பதினஞ்சு வருஷமா ஆள் கூட்டிட்டுப் போறேன். ஒருத்தர் இப்படிக் கேட்டதில்ல. நான் வரேன் சார். நீங்க உங்க கயித்தப் பாத்துகிட்டே வாங்க."

அவர் நாலடி எடுத்து வைத்துவிட்டார். அவர் போனால் நாங்கள் ஐந்து மணிக்கு என்ன, மறுநாளும் இறங்கமாட்டோம். சொன்னால் சாவி போச்சு. சாவி போனால் பாய் ஹஜ்ஜுக்குப் போகமாட்டார். செல்வம் சார் கையில் கொடுத்துவிட்டுப் போனால் கடை ஸ்கூட்டரோடு போய்விடும். இவ்வளவும் எனக்கு ஒரே நொடியில் தோன்றியது. வாய்க்குப் பதிலாகப் பையைத் திறந்தேன்.

ஆரஞ்சுக் கயிறெல்லாம் பாறைமேல் கொட்டியது.

செல்வம் சார் சிரிக்க ஆரம்பித்து, பாய் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பாய் பாறையில் உட்கார்ந்து, ஒவ்வொரு துண்டாக எடுத்து எண்ண ஆரம்பித்தார். முழுக்க எண்ணினார்.

"நாப்பத்தொம்போது."

"மேல இருக்கறது ஒண்ணு பாய்."

"அத்த ஏன் வுட்ட?"

"ஓரத்துல இருந்துச்சி. பயமா இருந்துச்சி."

"மத்தத ஏன் அவுத்த?"

"அதுவும் பயந்துதான் பாய். கையெழுத்து என்னுது."

பாய் கயிற்றையெல்லாம் அள்ளித் தன் பையில் போட்டார். பிறகு எழுந்து கோவிந்தன்கிட்டே போய், "தப்பு என்னுதுதான் தம்பி. மனசுல வச்சிக்காத. இட்டுகினு போ" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை மார்க்கெட்டில் ஒருத்தரும் கேட்டதில்லை.

"வாங்க சார்" என்றார் கோவிந்தன். "எதையும் இழுத்துப் பாக்காம வாங்க."

செக்போஸ்ட்டுக்கு வந்தபோது ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம். கார்டு வழக்கம்போல, "உள்ள ஒண்ணும் போடலியே?" என்றார். செல்வம் சார் இல்லை என்று தலையாட்டிவிட்டு காரை நோக்கி நடந்தார். நான் மட்டும் நின்றுவிட்டேன்.

"மேல ஒரு துண்டு கயிறு இருக்கு சார். ஓரத்துல. என்னால எடுக்க முடியல."

கார்டு என்னை விசித்திரமாகப் பார்த்தார். "நாளைக்கு ஏறும்போது நான் எடுத்துர்றேன்" என்றார் கோவிந்தன். வீடு வந்து சேரும்வரை பாய் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வேலையும் போச்சு என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் கடைக்குப் போனேன். பாய் ஷட்டரைத் திறக்காமல் வெளியே நின்றுகொண்டிருந்தார். பெல்ட்டிலிருந்து ஊக்கைக் கழற்றி, ஜிப்பைத் திறந்து, சாவியை எடுத்து நீட்டினார். அதில் ஒரு ஆரஞ்சுத் துண்டு கட்டியிருந்தது.

"தொற."

"பாய், செல்வம் சார்..."

"அந்தாளு பூட்டிகினு போயிடுவான்யா. நீதான் வூட்டுக்குப் போய்ப் படுத்துகினு, பூட்னோமா பூட்டலியான்னு ரோசிப்ப. எனுக்கு அப்டி ஒரு ஆளுதான் வோணும்." கொஞ்சம் நிறுத்தி, "அந்த கார்டு கேட்டப்ப கம்முனு வந்துகினு இருக்கலாமில்ல நீ?" என்றார். நான் குனிந்து பூட்டைத் திறந்தேன்.

நாற்பது நாளும் அங்கிருந்து போன் வந்தது. "இழுத்துப் பாத்தியா?" "பாத்தேன் பாய்." "எத்தினி வாட்டி?" "மூணு." பின்னால் பாய் வீட்டம்மா, "அங்க கூட்டத்துல வந்து நில்லுங்க" என்று கத்துவது கேட்கும்.

திரும்பி வந்த பிறகும் சாவியைக் கேட்கவில்லை. இப்போது முட்டி தேய்ந்து, கேளம்பாக்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். கடையைப் பார்த்துக்கொள்வது நான். தினமும் கடை சாத்துகிற நேரத்துக்கு அதே போன், அதே இரண்டு கேள்வி. நலமா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

போன வியாழக்கிழமை அந்த போன் வரவில்லை. பத்து நிமிஷம் பார்த்துவிட்டு நானே அடித்தேன். மகள் எடுத்து, "ஒண்ணுமில்லண்ணா, சாப்ட்டு சீக்கிரமே தூங்கிட்டாரு" என்றது. சரி என்று வைத்தேன். பஸ் ஸ்டாப் வரை போனேன். மனசு கேட்கவில்லை. திரும்பி வந்து, அவருக்காக நாலாவது தடவையும் இழுத்துப் பார்த்துவிட்டுப் போனேன்.