பாரம்பரியக் குஞ்சு உயிருடன் இருத்தல் வேண்டும்

பழைய கம்ப்யூட்டர் விளையாட்டுகளைப் பேணாத நாடு நாகரிகமான நாடே இல்லை என்று மேலிடத்தில் யாரோ ஒருவர் கூட்டத்தில் சொல்லித் தொலைத்தார். சொன்னவர் சொன்ன கையோடு டீ குடிக்கப் போய்விட்டார். கேட்டவர்கள் சும்மா இருப்பார்களா? 'சிறுவர் கணினி விளையாட்டுப் பாதுகாப்பு இயக்ககம்' என்று பலகை மாட்டி, ஓர் இயக்குநரைப் போட்டு, அவருக்குச் சுழல் நாற்காலியும் கொடுத்துவிட்டார்கள். பாதுகாக்க விளையாட்டு ஒன்றுகூட இல்லை. நாற்காலி மட்டும் நன்றாகச் சுழன்றது.

அந்த அலுவலகத்தில் ஒருத்தியை எல்லோரும் 'தற்காலிகம்' என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாணத்துக்கு முன்னால் தற்காலிகமாக வேலைக்குச் சேர்ந்தவள். காது ஓரம் நரைத்துவிட்டது, வேலை மட்டும் நிரந்தரம் ஆகவில்லை. திறப்பு விழா நல்லபடியாக முடிந்தால் அவளை நிரந்தரம் பண்ணிவிடுவதாக இயக்குநர் வாக்குக் கொடுத்திருந்தார். முடியாவிட்டால் என்ன என்று அவள் கேட்கவில்லை. அது அவளுக்கே தெரியும்.

கடைசியில் ஒரு விளையாட்டு கிடைத்தது. பிரவுசரில் ஓடுவது. புதுக் கம்ப்யூட்டர் எதிலும் ஓடாது என்பதால் ஒரு பழைய பெட்டியோடு சேர்த்தே வாங்கினார்கள். திரையில் ஒரு மஞ்சள் கோழிக்குஞ்சு. மவுஸை ஒரு தட்டுத் தட்டினால் தானியம் விழும், தின்னும். தட்டாவிட்டால் அதன் பசியைக் காட்டும் பசிக்கோடு பச்சையிலிருந்து சிவப்பாகும், குஞ்சு மல்லாந்துவிடும். மறுபடி தட்டினால் முட்டை உடைந்து வேறு குஞ்சு வரும். அவ்வளவுதான் விளையாட்டு. உள்ளதைச் சொன்னால், அந்தக் காலத்துப் பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் அது மல்லாந்து விழுவதைப் பார்க்கத்தான் விளையாடினார்கள்.

"செத்துப்போச்சுன்னா?" என்றார் இயக்குநர்.

"வேற வரும் சார்."

"வேற வந்தா அது பாரம்பரியக் குஞ்சு இல்லையேம்மா. நம்மகிட்ட ஒப்படைச்சது இந்தக் குஞ்சு."

அன்று மாலையே சுற்றறிக்கை வந்தது. மேற்படி குஞ்சு விழா நாள்வரை உயிருடன் இருத்தல் வேண்டும், தவறினால் பொறுப்பாளர்மீது நடவடிக்கை எடுக்கப்படும். பொறுப்பாளர் யார் என்று எழுதவில்லை. எல்லோரும் தற்காலிகத்தைப் பார்த்தார்கள்.

பகலெல்லாம் அவள் தட்டினாள். ராத்திரி வாட்ச்மேன் தட்டினார். தான் பெற்ற பிள்ளைகூடத் தன்னை இப்படி எழுப்பியதில்லை என்று காலையில் புலம்பிவிட்டுப் போவார். கால்நடை மருத்துவர் ஒருவரை வரவழைத்தார்கள். அவர் மானிட்டரை உற்றுப் பார்த்தார், ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்திலிருந்து எடுத்தார், என்ன நினைத்தாரோ திரும்ப மாட்டிக்கொண்டார். தண்ணீர் நிறையக் கொடுக்கச் சொல்லிப் பயணப்படி வாங்கிக்கொண்டு போனார். விளையாட்டில் தண்ணீரே கிடையாது. அதனால் தண்ணீருக்கு ஒரு குழு போட்டார்கள்.

இதற்குள் செய்தி பரவி ஊரெல்லாம் குஞ்சு மோகம். குஞ்சு பனியன், குஞ்சுத் தோடு, குஞ்சுக் கொண்டை மாதிரி முடிவெட்டு. அந்த விளையாட்டைக் கண்ணால் பார்த்திராதவர்கள்கூட மூன்று நிறத்தில் பனியன் வாங்கி, என் பால்யமே என்று நெஞ்சில் கைவைத்துப் படம் போட்டார்கள்.

விழாவன்று காலையில் தற்காலிகம் வந்து பார்த்தபோது கம்ப்யூட்டர், மானிட்டர், மவுஸ் எல்லாம் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன. வாட்ச்மேன் அதிகாலையில் வயிறாரத் தின்னவைத்த குஞ்சு உள்ளே உலாத்திக்கொண்டிருந்தது. பெட்டிக்குப் பூட்டு. சாவி ஒரு தட்டில், பட்டுத்துணிமேல்.

"சார், மவுஸ் உள்ள இருக்கு. எப்படித் தட்டறது?"

"மவுஸும் பாரம்பரியம்தானேம்மா. கண்டவன் கை பட விடலாமா? சிறப்பு விருந்தினர் ஒரு வார்த்தை பேசுவார், உடனே திறந்துடுவார்."

விருந்தினர் அந்த ஒரு வார்த்தையைத் தொடங்கினார். கரண்ட் கம்பியே வராத ஊரில் வளர்ந்தவர் அவர். இந்தக் குஞ்சோடுதான் தானும் வளர்ந்ததாகச் சொன்னார். பசிக்கோடு மஞ்சளானது. தற்காலிகம் இயக்குநரின் காதில் போய், குஞ்சு சார், என்றாள். கைதட்டும்மா, என்றார் அவர். கோடு சிவப்பானது. சாவித் தட்டை நோக்கிப் போனாள். தட்டு வைத்திருந்த உதவியாளர் அதை இழுத்துக்கொண்டு, அய்யா கையால்தான் திறக்க வேண்டும் என்றார். அய்யா வாயே இன்னும் மூடவில்லை, கை எப்போது வரும்?

"நம் குழந்தைப் பருவம் என்றைக்கும் சாகாது" என்று விருந்தினர் குரலை உயர்த்தியபோது குஞ்சு காலைத் தூக்கிக்கொண்டு மல்லாந்தது.

கைதட்டல் பாதியில் நின்றது. விருந்தினர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். இயக்குநர் வெளிறிப்போனார். கூட்டம் முழுக்கப் போனைத் தூக்கியது.

பதற்றத்தில் யாரோ பெட்டியைத் திறந்துவிட்டார்கள். தற்காலிகம் பாய்ந்து போய் மவுஸில் கைவைத்தாள். ஒரு தட்டு. குஞ்சு வந்துவிடும், விழா பிழைத்துவிடும், அவள் வேலையும் பிழைத்துவிடும்.

"அக்கா, தொடாதீங்க" என்றார் முன்வரிசையில் இருந்த ஒரு குஞ்சு பனியன்காரர்.

"உயிர் வந்துடும்ங்க."

"அதனாலதான் வேணாங்கறேன். இப்பதான் இரங்கல் போட்டேன். அதுக்குள்ள இது எழுந்து நின்னா என் மானம் என்ன ஆவறது?"

அவருக்குப் பின்னால் எல்லோரும் இரங்கல்தான் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் நிஜமாகவே அழுதாள். சின்ன வயதில் எத்தனை குஞ்சைக் கொன்றிருக்கிறேன் என்று பக்கத்தில் இருந்தவளிடம் விசும்பினாள். விருந்தினர் மௌன அஞ்சலி அறிவித்தார்.

அந்த மௌனத்தில்தான் இயக்குநருக்கு மூளை வேலை செய்தது. செத்த குஞ்சுக்குப் பசிக்காது. வாட்ச்மேன் தூங்கலாம், தண்ணீர்க் குழுவைக் கலைக்கலாம். இனி இது சாகவே சாகாது. மேற்படி குஞ்சு இறந்த நிலையிலேயே உள்ளது உள்ளபடி பாதுகாக்கப்படும் என்று மைக்கில் அறிவித்தார். யாரும் தட்டி எழுப்பிவிடாமல் காவல் காக்க நிரந்தரப் பணியிடம் ஒன்று உருவாக்கப்படும் என்றும் சொன்னார்.

அவர் தற்காலிகத்தைப் பார்த்தார். அவள் கை இன்னும் மவுஸ்மேலேயே இருந்தது. விரலை மடக்கினால் போதும். வீட்டு வாடகை, தலை நரை, மாமியாரின் குத்தல் பேச்சு எல்லாம் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தன. விரலை மெல்ல எடுத்தாள்.

பணி நியமன ஆணை வந்த மறுநாளிலிருந்து பெட்டியருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். செத்த குஞ்சைப் பார்க்க வந்தவர்களின் வரிசை வாசலைத் தாண்டிப் போனது. மதியத்துக்குமேல் கசங்கிய சட்டையோடு ஒருவர் வந்தார். வெகுநேரம் குஞ்சையே பார்த்தபடி நின்றார். பிறகு, இந்த விளையாட்டைத் தன் கையால் செய்தவன் தான்தான் என்றார். விழாவுக்கு யாரும் கூப்பிடவில்லையாம்.

"ஒரே ஒரு தடவை தட்டிப் பாக்கட்டுமா?"

அவள் எழுந்து நின்றாள். "விளையாட்டைப் பாதுகாத்தாச்சு சார். இனிமே யாரும் விளையாட முடியாது."

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் தலையைச் சொறிந்தார், தோளில் கிடந்த பையை இறக்கினார், உள்ளே இருந்த மஞ்சள் பனியனை எடுத்துச் சட்டைமேலேயே மாட்டிக்கொண்டார். போனை அவளிடம் நீட்டினார்.

"அப்ப ஒரு படம் எடுத்துக் குடுங்க. குஞ்சோட கால் ரெண்டும் நல்லாத் தெரியணும்."