ஆணிவேர் இல்லாத செவ்வரத்தை

பாடப்புத்தகத்தை மனப்பாடம் செய்தவர்களுக்கு ஒரு துணிச்சல் வரும். அது எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு நானே சாட்சி.

ஆசிரியப் பயிற்சியில் என் கடைசிப் பாடம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் பாடசாலை, பத்தாம் ஆண்டு. மதிப்பிட வந்த விரிவுரையாளர் பின்னால் கதிரை போட்டு இருந்தார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் நான் ரீச்சர்.

தலைப்பு, இருவித்திலைத் தாவரங்கள். வலைப்பின்னல் நரம்பு, ஐந்து இதழ், ஆணிவேர் என்று ஒப்பித்துவிட்டு (இடையில் மூச்சு விட்டதாக நினைவில்லை) எல்லாரையும் முற்றத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கே இடுப்பளவுச் செவ்வரத்தை ஒன்று பூத்து நின்றது.

"இப்ப ஆணிவேரைப் பாக்கப்போறம், பிள்ளையள்."

ஸ்ரெல்லா என்ற மாணவி கையை உயர்த்தினாள். "மிஸ், அதில..."

"கேள்வியெல்லாம் கடைசியில."

இழுத்தேன். வரவில்லை. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு (கம்பீரம் அதோடு போய்விட்டது) மறுபடி இழுத்தேன். முதல்நாள் மழையில் ஊறிய மண். செடி வந்தது, நான் சேற்றில் இருந்தேன். கையிலிருந்த செடியில் ஆணிவேரைக் காணோம். கூட்டும் தும்புத்தடி மாதிரி ஒரு வேர்க்கொத்துத்தான்.

"அப்ப இது ஒருவித்திலையா மிஸ்?" என்றாள் ஒருத்தி, உண்மையான சந்தேகத்தோடு.

நான் வேர்க்கொத்தை விரலால் பிரித்துப் பிரித்துத் தேடினேன்.

"இருவித்திலைதான்," என்றாள் ஸ்ரெல்லா. "நான் தடி வெட்டி நட்டனான் மிஸ். விதையில முளைச்சாத்தான் ஆணிவேர் வரும்."

நட்டவளே அவள்! என்மேல் கோபப்பட வேண்டியவள், மதிலோரம் போய், முளைத்திருந்த புளியங்கன்று ஒன்றை வேர் அறாமல் தோண்டி எடுத்துவந்தாள். மேலே தடித்த இரண்டு வித்திலைகள். கீழே நேராக ஒரே வேர்.

"இந்தாங்கோ மிஸ். இதில காட்டுங்கோ."

"நீயே சொல்லம்மா," என்றேன், சேற்றில் இருந்தபடியே. அவள் சொன்ன அழகில் விரிவுரையாளரும் எழும்பி வந்து குனிந்து பார்த்தார். பிறகு ஸ்ரெல்லாவும் நானும் செவ்வரத்தையைத் திருப்பி நட்டோம்.

"பாடம் நல்லா விளங்கிச்சு. படிப்பிச்சது நீங்களில்லை," என்றார் விரிவுரையாளர். "ஆனா அந்தப் பிள்ளையைக் கதைக்க விட்டீங்கள். அதுக்குத்தான் இந்தக் கையெழுத்து."

ஸ்ரெல்லா இப்போது பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படிக்கிறாள். போன மாதம் போன் எடுத்தாள்: "மிஸ், இருவித்திலை எல்லாம் ஒரே கூட்டமில்லையாம். மிளகும் ஆம்பலும் வேற வேற கிளையாம்." இன்னமும் என்னைத் திருத்துகிறாள், எனக்கு அதில் பெருமைதான்.

வீட்டில்தான் நிம்மதியில்லை. பின்னேரம் மழை வரும் என்று கொஞ்சம் உறுதியாகச் சொன்னாலும் போதும், என் கணவர் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்பார்:

"பிடுங்கிப் பாத்தனீரோ?"