சட்டைப்பைச் சங்கீதம்

“ஒரு காலருக்கு எவ்வளவு நேரம்யா?” என்று தையல்கடை முதலாளி மறுபடியும் கேட்டார்.

தையல்காரரிடமிருந்து பதில் வரவில்லை. அவர் காது இரண்டிலும் இயர்போன். அதன் ஒயர் கழுத்து வழியாக இறங்கி, சட்டைப்பையில் இருந்த தீப்பெட்டி அளவு பாட்டுப்பெட்டிக்குள் போய் மறைந்தது. எதைக் கேட்டாலும் மெல்லத் தலையாட்டுவார். அது சம்மதமா, தாளமா என்பது கடவுளுக்கே வெளிச்சம். கடையில் அவருக்குப் பெயர் மௌனி.

வெள்ளிக்கிழமை எதிர்த்தெருவில் ஓட்டல் திறக்கிறார்கள். சமையல்காரர் முதல் வாசல்காரர் வரை எல்லோருக்கும் சீருடை இந்தக் கடையில்தான். தவறினால் அந்த ஆர்டர் மூலைக்கடைக்குப் போய்விடும். அதுவும் தையல்கடைதான், இந்த முதலாளியின் சகலையுடையது. சகலையிடம் தோற்பதைவிடக் கத்திரிக்கோலை விழுங்கிவிடலாம் என்பது முதலாளியின் கட்சி.

மௌனியின் இயந்திரமோ ஒரு தையல் போட்டது, களைப்பாறியது, நன்றாக யோசித்துவிட்டு அடுத்ததைப் போட்டது.

முதலாளி துணி வெட்டும் மேசையில் சாய்ந்து, கத்திரிக்கோல் பிடியால் ‘டொக்... டொக்...’ என்று மேசையைத் தட்டினார். கவலை வந்துவிட்டால் அவர் கை சும்மா இருக்காது. கனமான கவலை என்பதால் தட்டலும் நிதானமாகவே விழுந்தது. அப்போதுதான் மௌனியின் காலைப் பார்த்தார். சுத்தமாகத் தாளத்தில் மிதித்துக்கொண்டிருந்தது.

“பாட்டு நிதானமா ஓடுது. அதான் தையலும் நகர மாட்டேங்குது. விடமாட்டேன்” என்று கிளம்பினார்.

நேராக மச்சினனின் செல்போன் கடைக்குப் போனார்.

“மாமா, அந்தப் பெட்டியோட அழகே அழகு. பையில போட்டா பாரம் தெரியாது, பக்கத்துல இருக்கறவனுக்குத் தொந்தரவும் கிடையாது” என்றான் மச்சினன்.

“அதான்டா அதோட கோளாறும். உள்ள என்ன பாடுதுன்னு சம்பளம் குடுக்கறவனுக்கே தெரிய மாட்டேங்குது. எக்ஸ்பிரஸ் ரயில் மாதிரி பாட்டா ஏத்திக் குடு. உன் மூலைக்கடை மாமாகிட்ட மூச்சு விட்டுடாத.”

மச்சினன் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டி, அதே மாதிரிப் பாட்டுகளை நகம் அளவு மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்தான். மௌனி பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டுக் கை கழுவப் போன நேரம் பார்த்து முதலாளி பெட்டியில் கார்டை மாற்றினார். வேறு எந்தப் பொத்தானையும் தொடவில்லை. திருட்டுத்தனத்திலும் ஓர் அளவு வேண்டுமே.

பிறகு மேசையில் சாய்ந்து, கேட்டுவிட்டு வந்த பாட்டை மனதுக்குள் ஓட்டியபடி, கத்திரிக்கோலால் ‘டக்டக்டக்’ என்று தட்டி ரசித்தார். மௌனியின் இயந்திரம் தரையைவிட்டு ஒரு சாண் எழும்பிப் பறந்தது. காதில் ஒன்றுமே மாட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்து பொத்தான் தைக்கும் பொத்தான் அக்காவின் ஊசிகூட மின்னலாய்ப் பாய்ந்தது.

“ஒயர்லேர்ந்து பாட்டு கசியுது போல” என்று முதலாளி பூரித்துப்போனார்.

சாயங்காலம் ஓட்டல் மேனேஜர் வந்து பார்த்தார். ஒரு கோட்டுக்கு இரண்டும் இடது கை. இன்னொன்றுக்குப் பொத்தான் முதுகில். ஒரு பேண்ட்டை எடுத்து மேலும் கீழும் திருப்பினார்.

“இதுல கால எங்க சார் விடறது? ரெண்டு பக்கமும் மூடியிருக்கே.”

“அது... புது மாடல்.”

“எங்க ஓட்டல்ல மனுஷங்கதான் வேலை பாக்கறாங்க. வியாழக்கிழமை சாயங்காலம் வருவேன். இல்லேன்னா மூலைக்கடைதான்.”

முதலாளி அசரவில்லை. தைத்ததைப் பிரிக்கச் சொல்லிவிட்டு, மறுநாள் தாலாட்டு ஏற்றிய கார்டோடு வந்தார். தாலாட்டை முணுமுணுத்தபடி மேசையை வருடுவதுபோலத் தட்டினார். தையல் முத்து முத்தாக விழுந்தது. பொழுது சாய்ந்தபோது ஒரே ஒரு ஏப்ரன் தயாராகியிருந்தது. பொத்தான் அக்கா கோத்த ஊசியோடு தூங்கிப்போயிருந்தாள்.

“பாதி வேகம், பாதி நிதானம். அதான் சரி” என்றார் முதலாளி. அதற்கும் ஒரு கார்டு வந்தது, அதற்கேற்ற தட்டலும் வந்தது. விளைந்த சட்டையின் வலது பாதி பஸ்ஸைத் துரத்துகிறவனுடையது. இடது பாதி பஸ்ஸைத் தவறவிட்டு உட்கார்ந்தவனுடையது.

“பாட்டே வேணாம்யா. எடு அந்தப் பெட்டிய.”

பாட்டுப்பெட்டியைப் பிடுங்கி, கோபத்தில் கத்திரிக்கோலையும் சேர்த்து இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தார். கடையில் சகல சத்தமும் நின்றது. இயந்திரமும்தான்.

“ஏன்யா நிறுத்திட்ட?”

“வர மாட்டேங்குது முதலாளி” என்றார் மௌனி. அந்த வருடத்தில் அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அது.

“அண்ணே, நீங்க எப்பவும் போல இருங்க. எல்லாம் தன்னால ஓடும்” என்றாள் பொத்தான் அக்கா.

“நீ பொத்தானப் பாரும்மா. இது டெக்னிக்கல் விஷயம்.”

வியாழக்கிழமை விடிந்ததும் மச்சினனை எழுப்பி, ஓட்டமும் இல்லாமல் தூக்கமும் இல்லாமல், பட்டாளம் நடக்கிற வேகத்தில் பாட்டுகளை ஏற்றி வாங்கினார். பெட்டியைத் தன் கையாலேயே மௌனியின் பையில் வைத்து, இயர்போனையும் மாட்டிவிட்டார். கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு மேசைமுன் நின்றவர், மதியச் சாப்பாட்டுக்கும் நகரவில்லை. மனதுக்குள் ஓடிய பாட்டில் லயித்து, மணிக்கட்டு பூசணிக்காயாக வீங்கும்வரை தட்டிக்கொண்டே இருந்தார். காலர் பிறந்தது, கை பிறந்தது, காலுக்கு வழியுள்ள பேண்ட்டுகள் வரிசையாகப் பிறந்தன.

சாயங்காலம் வந்த மேனேஜர் ஒரு கோட்டைப் போட்டுப் பார்த்தார். கழற்ற மனசு வரவில்லை.

“அடுத்த வருஷமும் உங்களுக்குத்தான் சார்.”

“எல்லாம் அந்தச் சின்னப் பெட்டி செஞ்ச வேலை. எந்தப் பாட்டுக்கு எந்த வேகம்னு கண்டுபிடிக்கத்தான் கொஞ்சம் மூளை வேணும்” என்று முதலாளி வீங்கிய கையால் மூளை இருக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டினார். துணிமூட்டைகளோடு மேனேஜர் போனதும் பொத்தான் அக்கா பக்கம் திரும்பினார். “உனக்கும் ஒரு பெட்டி வாங்கித் தரேம்மா. இன்னும் வேகமா தைக்கலாம்.”

பொத்தான் அக்கா கடைசி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“எனக்கெதுக்குண்ணே? அவரோட பெட்டியிலயே பேட்டரி செத்து ஒரு வருஷமாச்சு, உங்களுக்குப் பதில் சொல்லாம தப்பிக்கத்தான் மாட்டிக்கறாரு. நீங்க கத்திரிக்கோலால தட்டற தாளத்துக்குத்தான் நாங்க ரெண்டு பேருமே தைக்கறோம்.”