மூன்று அறிவிப்புகளும் ஒரு மறுப்பும்

அந்தப் புள்ளி நேற்றைய படத்தில் இல்லை. வானியல் ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். இன்றைய படத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"புது நட்சத்திரம்!" என்று யாருமில்லாத அறையில் கத்தினார்.

அது ஜன்னலே இல்லாத அறை. தொலைநோக்கி மொட்டை மாடியில். அவர் கீழே, திரைக்கு முன்னால். வருஷக்கணக்காக வானத்தை ஆராய்கிறாரே தவிர, அதை நிமிர்ந்து பார்த்து எத்தனையோ நாளாயிற்று.

புதிதாக எதையாவது கண்டால் மற்ற நாட்டு ஆய்வகங்களுக்கெல்லாம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். முதலில் அனுப்புகிறவருக்கே கண்டுபிடித்த பெருமை. இவரோ ஏற்கெனவே ஒரு செயற்கைக்கோளையும் ஒரு விமானத்தையும் நட்சத்திரமென்று அறிவித்துத் தொலைத்திருந்தார். "இன்னொரு தடவை சொதப்பினா, பார்வையாளர் கூடத்துல டிக்கெட் கிழிக்க வேண்டியதுதான்" என்று ஆய்வகத் தலைவர் சொல்லியிருந்தார்.

ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. 'மேற்கு வானில் புது நட்சத்திரம்' என்று தட்டி அனுப்பிவிட்டார்.

கைபேசி அடித்தது. மனைவி.

"ஏங்க, மாடில துணி எடுத்துட்டு இருக்கேன். ஒண்ணு கேக்கணும்..."

"அப்புறம் கேளும்மா. இங்க சரித்திரம் நடந்துட்டு இருக்கு!"

உறுதிப்படுத்திக்கொள்ள, தொலைநோக்கியை இம்மியளவு நகர்த்தி இன்னொரு படம் எடுத்தார். நட்சத்திரங்கள் எல்லாம் ஒரு பக்கம் நகர்ந்திருக்க, இந்தப் புள்ளி மட்டும் எதிர்ப்பக்கம் போயிருந்தது. அவருக்குத் தலை சுற்றியது. நட்சத்திரம் இப்படி ஊர் சுற்றாதே? அப்படியானால் வால்நட்சத்திரம்! 'முந்தையது தவறு, இது வால்நட்சத்திரம்' என்று இரண்டாவது அறிவிப்பு போனது.

அடுத்த படத்தில் இரண்டு புள்ளிகள் இருந்தன.

"ஐயோ, உடைஞ்சு போச்சே!"

பெற்ற பிள்ளைக்கு அடிபட்ட மாதிரி பதறிப்போய் அதையும் அறிவித்தார். பக்கத்து நாட்டு ஆய்வகத்திலிருந்து பதில் வந்தது: 'இங்கே ஒரே மேகம். உங்களுக்கு என்ன ஆயிற்று?'

கதவை உதைக்காத குறையாகத் தலைவர் உள்ளே வந்தார்.

"என்னய்யா இது, வந்துச்சுங்கற, நகந்துச்சுங்கற, உடைஞ்சுச்சுங்கற?"

"நீங்களே பாருங்க சார்."

தலைவர் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார்.

"இது வெறும் பிரதிபலிப்புய்யா! படத்துக்கு வெளியே, பக்கத்துலயே பளிச்சுனு ஒரு நட்சத்திரம் இருந்தா, அதோட வெளிச்சம் லென்ஸுல பட்டுத் தெறிச்சு இப்படிப் போலிப் புள்ளி விழும். தொலைநோக்கியை நகத்தினா அது எதிர்ப்பக்கம் ஓடும், சமயத்துல ரெண்டாவும் தெரியும்."

"அந்தப் பளிச்சு நட்சத்திரம் எங்க சார்?"

இருவரும் நட்சத்திர வரைபடத்தைத் துழாவினார்கள். அந்தப் பக்கம் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றுமில்லை. ஒரு கிரகம்கூட இல்லை. தலைவரும் குழம்பித்தான் போனார். ஆனால் அதை ஒத்துக்கொண்டு அவருக்குப் பழக்கமில்லை.

"அப்ப லென்ஸ்தான் கோளாறு. மறுப்பு அனுப்பு. நாளைலேருந்து டிக்கெட் கூடத்துக்குப் போயிடு."

கைபேசி மறுபடி அடித்தது. ஆய்வாளர் அழைப்பைத் துண்டித்துவிட்டுத் தட்டினார்: 'மேற்கு வானில் புதிதாக எதுவும் இல்லை. யாரும் அந்தப் பக்கம் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.'

அனுப்பி முடித்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யாராவது ஆறுதலாக நாலு வார்த்தை பேசினால் தேவலை என்றிருந்தது. அவரே மனைவியைக் கூப்பிட்டார்.

"என்னம்மா கேக்கணும்னே?"

"எத்தனை தடவை கூப்பிடறது! அக்கம்பக்கத்துல எல்லாரும் மாடில நின்னுக்கிட்டு உங்களைத்தான் கேக்கச் சொல்றாங்க. மேற்குப் பக்கம், தண்ணித் தொட்டிக்கு மேல, டார்ச் அடிச்ச மாதிரி பெருசா ஒரு நட்சத்திரம் தெரியுதே, நேத்து வரைக்கும் அங்க இல்லவே இல்லை... அதுக்குப் பேர் என்னங்க?"