அலாரம் அக்காவும் கீழ்பென்னாத்தூர் மோட்டாரும்

இயந்திரம் அலறினால் மனிதர்கள் ஓடுவார்கள். அதுதான் உலக வழக்கம். மனிதர் ஒருவர் அலறி, இயந்திரத்தையே வெட்கப்பட வைத்ததை நான் ஒரே ஒருவரிடம்தான் பார்த்திருக்கிறேன். எங்கள் மருத்துவமனையில் அவருக்கு அலாரம் அக்கா என்று பெயர். வருகைப் பதிவேட்டில் வேறொரு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பதில்லை.

நான் அப்போது திருவண்ணாமலையில் முதுகலைத் தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். பிற்பகல்களில், வேங்கிக்கால் பக்கத்தில் இருந்த ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் தட்டச்சு வேலை. யாரோடும் பேசாமல் செய்யக்கூடிய வேலை என்பதால் எனக்கு அது பிடித்திருந்தது. அலாரம் அக்கா அங்கே தலைமைச் செவிலியர். நாற்பது வயது இருக்கும். பேசாமல் எதையுமே செய்யத் தெரியாதவர். ஊசி போடும்போது ஊசியின் சார்பிலும் அவரே பேசுவார்.

ஒருநாள் பெரிய டாக்டர் ஒரு மனிதரையும் ஒரு பெட்டியையும் வார்டுக்கு அழைத்து வந்தார். மனிதர் கீழ்பென்னாத்தூரில் நிலக்கடலை பயிரிடுகிறவர், அறுபதை நெருங்கியவர். வெளிநாட்டில் இருக்கும் மகனைப் பார்க்கப் போன இடத்தில் அவருடைய இதயம் ஓய்ந்துவிட்டது. அங்கேயே அறுவை செய்து, இதயத்தோடு ஒரு சிறிய பம்பைப் பொருத்தி ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். பம்பிலிருந்து ஒரு கம்பி வயிற்றின் வழியே வெளியே வந்து, இடுப்பில் கட்டியிருந்த கட்டுப்பாட்டுப் பெட்டியில் சேர்ந்தது. பெட்டிக்கு இரண்டு பேட்டரிகள். பம்பு ஓடும்வரை பெட்டியில் ஒரு பச்சை விளக்கு எரியும். சிக்கல் வந்தால் பெட்டி அலறும்.

சிகிச்சை சென்னையில்தான். ஆனால் சென்னை நான்கு மணி நேரத் தொலைவில் இருந்தது. அலறும் பெட்டி அவ்வளவு நேரம் பொறுக்காது. ஆகவே பக்கத்தில் இருக்கும் செவிலியர்கள் எல்லாவற்றையும் கற்றிருக்க வேண்டும் என்று சொல்லி, தலையணை கனத்தில் ஓர் ஆங்கிலக் கையேட்டைக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். அதைத் தமிழாக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

மூன்று வாரம் உழைத்தேன். ‘இடது கீழறை உட்செல் குழாய்’, ‘மின்வழங்கல் துண்டிப்பு எச்சரிக்கை’ என்று ஒவ்வொரு சொல்லையும் நிறுத்துப் போட்டேன். அக்கா முதல் பக்கத்தை வார்டில் செவிலியர்களுக்கு உரக்க வாசித்தார். ஒரே வாக்கியத்தில் இரண்டு இடத்தில் மூச்சு வாங்கினார்.

“புலவரம்மா, ரொம்ப நல்லா எழுதிருக்கே. ஆனா இந்த லைன நான் படிச்சு முடிக்கறதுக்குள்ள நைனா போய்ச் சேந்துடுவாரு.”

நைனா என்று அவர் சொன்னது கீழ்பென்னாத்தூர்க்காரரை. நைனா கட்டிலில் உட்கார்ந்தபடி, “ஆமாம்மா, எனக்கே மூச்சு வாங்குது” என்று ஒத்துக்கொண்டார்.

மறுநாள் அக்கா தன்னுடைய கையேட்டோடு வந்தார். அது ஒரு பிளாஸ்டிக் வாளி, மீன் தொட்டியில் வைக்கும் சின்ன மோட்டார், ஒரு முழம் குழாய், கழுவிய பால் பாக்கெட் கவர் ஒன்று, அரைப் புட்டி ரோஸ்மில்க் சிரப் ஆகியவற்றால் ஆனது. கவருக்குள் சிவப்புத் தண்ணீரை நிரப்பி, குழாயின் வாயை உள்ளே செருகி, மோட்டாரை ஓடவிட்டார்.

“இந்தப் பால் கவரு நைனாவோட இதயம். கெணறுன்னு வெச்சுக்கோங்க. இது மோட்டாரு. அந்தாண்ட வாளி, ஒடம்பு, அதான் கழனி. மோட்டார் ஓடணும்னா இன்னாங்கடி வேணும்?”

“கரண்டு, அக்கா!”

“அப்புறம்?”

அக்கா கவரிலிருந்து இரண்டு டம்ளர் தண்ணீரை எடுத்தார். கவர் சுருங்கிக் குழாயின் வாயில் ஒட்டிக்கொண்டது. மோட்டார் கர்ரென்று கத்தியது.

“தண்ணி வேணும்டி! கெணத்துல தண்ணி கம்மியானா மோட்டார் கத்தும். நீங்க ஒயரப் புடிச்சுத் தடவிக்கிட்டு நில்லுங்க.”

நைனா குழாயின் வாயைக் கூர்ந்து பார்த்துவிட்டு, “ஃபுட் வால்வு வெக்கலியேம்மா” என்றார்.

“உங்களுக்கு அது கெடையாது நைனா.”

“கெடையாதா? அப்ப நின்னுடுச்சுன்னா தண்ணி ரிவர்ஸ்ல வருமே!”

“வரும். அதனாலதான் நிக்கக் கூடாதுன்னு சொல்றேன்.”

நைனா அன்றைக்குத்தான் தம் உடம்பைப் பற்றி முதல்முறையாக முழுத் தெளிவு பெற்றதாகப் பிறகு என்னிடம் சொன்னார். வெளிநாட்டில் ஆறு மருத்துவர்கள் படம் போட்டு விளக்கியும் வராத தெளிவு அது.

அலாரம் என்ற பட்டம் அடுத்த வாரம் வந்தது. பெட்டி எழுப்பும் ஒலிகளை எல்லாம் அக்கா வாயாலேயே எழுப்பத் தொடங்கினார். பேட்டரி தீரப் போவதற்கு நிதானமான ‘டிங்… டிங்…’. கம்பி தளர்ந்ததற்குப் படபடப்பான ‘டிடிடிட்’. ரத்த ஓட்டம் குறைந்ததற்கு இடைவிடாத ஊளை. செவிலியர்கள் கண்ணை மூடிக்கொண்டு எது எதுவென்று சொல்ல வேண்டும். பக்கத்து அறையில் குடலிறக்கத்துக்காகப் படுத்திருந்த ஒருவர், தாம் முழுதாகக் குணமாகிவிட்டதாக ஒரே நாளில் மூன்று முறை எழுதிக்கொடுத்தார்.

பேட்டரி மாற்றுவதற்கு ஒரு கடுமையான விதி உண்டு. இரண்டையும் ஒருசேரக் கழற்றக் கூடாது. ஒன்றைக் கழற்றிப் புதியதை மாட்டி, பச்சை விளக்கைப் பார்த்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். அக்கா இந்த விதியை வாழ்க்கை முழுவதற்கும் நீட்டித்தார். வளையலை ஒரு கைக்கு மாற்றி முடித்து, மனத்துக்குள் பச்சை விளக்கைப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் மறு கைக்குப் போவார். கோயில் வாசலில் ஒரு செருப்பைக் கழற்றிவிட்டுச் சற்று நின்று யோசிப்பார். பின்னால் வரிசை நிற்கும்.

இந்தப் பயிற்சி ஒருமுறை டவுன் பஸ்ஸில் வெளிப்பட்டது. யாரோ ஒருவருடைய இடுப்பில் செல்போன் ‘டிடிடிட்’ என்று ஒலித்தது. அடுத்த நொடி அக்கா அவருடைய இடுப்பைப் பற்றியிருந்தார்.

“யம்மா! இன்னாம்மா பண்றே?”

“கம்பி லூசா கீதா பாக்கறேன், ஆடாம நில்லுய்யா!”

கண்டக்டர் விசில் அடித்தார். அக்கா அந்த விசில் எந்த வகை என்று யோசித்ததாகச் சொன்னார்.

அக்காவின் கல்விக்கு முதல் சோதனை, விடுமுறையில் போன பெரிய டாக்டருக்குப் பதிலாக வந்த சின்ன டாக்டர் வடிவில் வந்தது. இந்தப் பம்பு இதயத்தைப் போல விட்டுவிட்டுத் துடிப்பதில்லை. ரத்தத்தை ஒரே ஓட்டமாகத் தள்ளுகிறது. ஆகவே நைனாவுக்கு நாடி தெரியாது. சின்ன டாக்டருக்கு அது தெரியாது. உறங்கிக்கொண்டிருந்த நைனாவின் மணிக்கட்டைப் பிடித்தார், கழுத்தைத் தொட்டார், முகம் வெளுத்து, இரு கைகளையும் கோத்து மார்பில் அழுத்தப் பாய்ந்தார். அக்கா கையிலிருந்த மருந்துத் தட்டை இருவருக்கும் நடுவே நீட்டிவிட்டார்.

“சார், கைய எடுங்க! உள்ள மோட்டார் கீது!”

“சிஸ்டர், பல்ஸ் இல்லை!”

“அவருக்கு எப்பவுமே இல்ல சார்!”

நைனா ஒரு கண்ணைத் திறந்தார். “தம்பி, நான் செத்தா இந்தம்மா ஊரக் கூட்டிடும். நீ கவலப்படாத” என்று சொல்லிவிட்டு மறுபக்கம் புரண்டு படுத்தார். சின்ன டாக்டர் அன்று மாலையே அக்காவின் பால் கவர் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

உண்மையான சோதனை கார்த்திகைத் தீபத்தன்று வந்தது. மலைமேல் தீபத்தைப் பார்த்த பிறகே வாயில் தண்ணீர் படுவது எங்கள் பக்கத்தில் பல வீடுகளின் வழக்கம். நைனா பன்னிரண்டு வயதிலிருந்து அதைத் தவறவிட்டதில்லை. முந்தைய ஆண்டு ஒன்றைத் தவிர. “போன தீபத்துக்கு நான் எங்கியோ ஐஸ் கொட்ற ஊர்ல மல்லாந்து கெடந்தேன். இந்த தீபம் பாக்கலன்னா இந்த மோட்டார் எனக்கு எதுக்கு?” என்று அவர் சொல்லியிருந்தார். கூட்டத்தில் போவது ஆபத்து என்பதால், மருத்துவமனை மொட்டை மாடியிலிருந்து பார்க்கலாம் என்று முடிவாகி, முதல் நாளே வந்து படுத்துக்கொண்டார். அவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கிறார் என்பதை மட்டும் எங்களில் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டவர்களிடமெல்லாம், “ஆச்சும்மா, ஆச்சு” என்றார்.

பிற்பகல் மூன்று மணிக்குப் பெட்டி ஊளையிட்டது. இந்த முறை அது அக்காவின் வாய் அல்ல.

செவிலியர்கள் ஓடினார்கள். ஒருத்தி கம்பியைப் பார்த்தாள்; சரியாக இருந்தது. ஒருத்தி பேட்டரிகளை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றினாள், ஊளை நிற்கவில்லை. சின்ன டாக்டர் என்னுடைய மொழிபெயர்ப்பைப் புரட்டினார். நான் எழுதிய வாக்கியத்தின் நீளத்துக்காக வாழ்வில் முதல்முறையாக வருந்தினேன்.

அக்கா பெட்டியைப் பார்க்கவேயில்லை. “நைனா, நாக்க நீட்டுங்க” என்றார். நாக்கு காய்ந்த மண் கட்டி போல இருந்தது. “பால் கவரு ஒட்டிக்கிச்சு! எப்பத்துலேந்து தண்ணி குடிக்கல?”

“நேத்து ராத்திரி சாப்ட்டது.”

“ஐயோ, குடிங்க மொதல்ல!”

நைனா வாயை இறுக மூடிக்கொண்டு, பற்களுக்கு நடுவே, “இன்னும் மூணு மணி நேரம்தானே, தாங்கிடுவேன்” என்றார். குரல் ஏற்கெனவே மெலிந்திருந்தது, நெற்றியில் வியர்வை.

“நீங்க தாங்குவீங்க. உள்ள கீறது தாங்காது.”

விடுமுறை முடிந்து திரும்பியிருந்த பெரிய டாக்டர் கெஞ்சினார். சின்ன டாக்டர் மிரட்டினார். வாய் திறக்கவில்லை. அக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, நிதானமாகக் கேட்டார்.

“வெரதம் வாய்க்கா நைனா, நரம்புக்கா?”

நைனா யோசித்தார். பெட்டி ஊளையிட்டுக்கொண்டே இருந்தது.

“வாய்க்குதான்.”

“அப்ப நரம்புல ஏத்திக்கலாம் இல்ல?”

“அதுல இன்னா கீது?”

“உப்புத் தண்ணி.”

“உப்பா? வெரதத்துல உப்பு சேக்கறதில்லியேம்மா!”

“அது சமையல் உப்பு. இது கம்பெனி உப்பு. சாமிக்கே தெரியும்.”

நைனா கையை நீட்டினார். பெரிய டாக்டர் தொலைபேசியில் சென்னையைக் கேட்டு அளவு சொல்ல, மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. அரை மணி நேரத்துக்குப் பிறகு பெட்டி ஒருமுறை விக்கியது, பிறகு ஓய்ந்தது. அந்த அமைதியில் அக்கா தன் வாயால் மெதுவாக ஒரே ஒரு ‘டிங்’ சொன்னார். வார்டே சிரித்தது. நைனாவும் சிரித்தார்.

மாலையில் நான்கு பேர் நாற்காலியோடு அவரை மாடிக்குத் தூக்கினார்கள். சலைன் பாட்டிலை நான் உயர்த்திப் பிடித்துக்கொண்டேன். ஆறு மணிக்கு மலை உச்சியில் தீபம் எழுந்தது. ஊர் முழுவதும் ஒரே குரலாக அரோகரா என்றது. நைனா கைகூப்பினார்; கண்கள் வழிந்தன. பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கி, ஒரே மூச்சில் குடித்தார்.

அத்தனை மாடிகளிலும் அத்தனை பேரும் மலையைப் பார்த்திருந்த அந்த நேரத்தில், ஒருவர் மட்டும் மலைக்கு முதுகைக் காட்டித் தரையில் மண்டியிட்டிருந்தார். நைனாவின் இடுப்பில் எரிந்த அந்தச் சின்னப் பச்சை விளக்கையே இமைக்காமல் பார்த்துவிட்டு, அதற்கு ஒரு கும்பிடு போட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டார். முதலில் ஒரு கன்னம், சற்று நிறுத்தி, மறு கன்னம்.

அந்த ஆண்டு தீபம் எப்படி இருந்தது என்று கல்லூரியில் கேட்டார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது அலாரம் அக்காவை.