ஆந்தை மாமியார், பாகம் இரண்டு

மனித குலம் இதுவரை செய்த அருஞ்செயல்களில் தலையாயது எது என்று கேட்டால், நெருப்பு, சக்கரம் என்று பழைய பாடத்தை ஒப்பிப்பவர்கள் இருக்கிறார்கள். பாவம், அவர்கள் எங்கள் மம்ப்ரோபிப் பேட்டைக்கு வந்ததில்லை. தலையாயது "புதுப்பித்தல்". அதாவது ஒரு பழைய திரைப்படத்தை எடுத்து, தூசு தட்டி, கீறல் நீக்கி, நிறம் கூட்டி, மறுபடியும் கொட்டகையில் போட்டு, பிறகு வீட்டில் பார்க்கக் குறுந்தகடாகவும் விற்பது. அக்ராவில் எத்தனையோ நாற்சந்திகள் இருக்க, அந்தப் பேறு எங்கள் நாற்சந்திக்குக் கிடைத்தது. என் தையல் கடை அந்தச் சந்தியைப் பார்த்துத்தான் இருக்கிறது. ஜன்னல் பெரிது. ஆகவே இங்கே சொல்வதெல்லாம் நான் கண்ணால் கண்டது. காணாததை விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

படத்தின் பெயர் "ஆந்தை மாமியார்". எங்கள் தெரு டைரக்டர் குவாத்தே, கல்யாண வீடுகளுக்கு வாடகைக்குப் போகும் வீடியோ கேமராவை வைத்து எடுத்தது. ஒரு மாமியார் இருட்டியதும் ஆந்தையாகிறாள். கண்ணிலிருந்து பச்சை மின்னல் விட்டு மருமகனின் வேலை, கார், மீசை என்று ஒவ்வொன்றாக விழுங்குகிறாள். வெளிவந்த வருடம் சன்பீம் சினிமாவின் கதவே பெயர்ந்து விழுந்தது. அதன்பின் ஊரில் சுற்றியவை நகலின் நகலுக்கு எடுத்த நகல்கள். திரையில் ஓயாமல் வெள்ளைப் புள்ளிகள் பனியாகக் கொட்டும். அக்ராவில் நாங்கள் பனியைப் பார்த்தது அந்தப் படத்தில் மட்டும்தான். மாமியார் எது, மாமரம் எது என்று தெரியாது. ஆனால் பச்சை மின்னல் அடித்தவுடன் மொத்தக் கொட்டகையும் "கோர்கோய்!" என்று அலறும். அது மட்டும் எல்லோருக்கும் தெளிவாகத் தெரியும்.

கோர்கோய்தான் மாமியார். அப்போது அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை. தலையில் பவுடர் கொட்டி மாமியார் ஆக்கினார்கள். பகலில் எங்கள் சந்தியில் கென்கி விற்பாள். புளித்த சோளமாவு உருண்டை, பொரித்த மீன், மிளகாய்த் தொக்கு. அவள் தொக்குக்காகக் கடற்கரை சோர்க்கோரிலிருந்தே ஆள் வரும். படம் வந்த பிறகு நிலைமை "ஆராயப்பட்டது". அவளிடம் சாப்பிட்ட ஒருவருக்கு வயிறு உப்பியது. சாப்பிடாத ஒருவருக்கும் உப்பியது. அது அவள் பார்த்ததால். வெற்றி முழக்க சபையின் மூப்பர் ஒடோய் இது குறித்து மூன்று ஞாயிறு பிரசங்கம் செய்தார். ஆன்மிகப் பாதுகாப்பு கருதி கோர்கோயின் அடுப்பு சந்தியிலிருந்து அகற்றப்பட்டது. அடுப்பு இருந்த இடம் வெறுமையாக இருந்தால் பிசாசு வந்து உட்கார்ந்துவிடும் அல்லவா? ஆகவே மூப்பரின் மனைவி அமெர்லி அங்கே கென்கிக் கடை போட்டு அந்த அபாயத்தைத் தடுத்தார். தியாகம்தான், வேறென்ன சொல்ல.

கோர்கோய் லாரி நிலையத்துக்குப் போய்விட்டாள். லாரிக்காரர்களுக்குப் படம் பார்க்க நேரமில்லை, பசிக்க நேரமிருந்தது. சட்டை தைக்க என் கடைக்கு வருவாள், பின்வாசல் வழியாக.

"பாகம் ரெண்டு வரட்டும்டி," என்பாள் ஒவ்வொரு முறையும். "அதுல நான் சூனியக்காரியே இல்ல. குடும்பத்தைக் காப்பாத்தத்தான் ஆந்தையா மாறுறேன். நெசச் சூனியக்காரன் யாருன்னு நானே என் வாயால சொல்றேன்."

"யாரு அக்கா?"

"மருமவனோட பாங்க் மேனேஜர்."

"இதச் சொல்லவா ஒரு படம் எடுத்தீங்க? இது ஊருக்கே தெரியுமே!"

சிரிப்பாள். ஆனால் கண் சிரிக்காது. அந்த ஒரு வசனம் ஒருமுறை திரையில் வந்துவிட்டால் தன் அடுப்பைத் திரும்பச் சந்தியில் வைத்துவிடலாம் என்று முப்பது வருடமாக நம்பிக்கொண்டிருந்தாள். டைரக்டர் குவாத்தேயைக் கேட்டால், "எடிட்டிங்ல இருக்கு அக்கா" என்பார். எங்கள் பேட்டையில் பெண் கேட்டு வந்தவனை மரியாதையாகத் திருப்பி அனுப்ப, "பாகம் ரெண்டுல பாத்துக்கலாம் தம்பி" என்று சொல்லும் அளவுக்கு அந்த எடிட்டிங் புகழ்பெற்றது.

இப்படி இருக்கையில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து யோரிஸ் என்ற இளைஞர் வந்து இறங்கினார். உலகின் அழியும் படங்களைக் காப்பாற்றும் ஓர் அறக்கட்டளைக்காரர். குவாத்தேயின் இரும்புப் பெட்டியிலிருந்து இரண்டு ஒளிநாடாக்களைக் கையுறை போட்டு எடுத்தார். ஒன்று முதல் பாகத்தின் மூல நாடா. மற்றது, "பாகம் இரண்டு" என்று குவாத்தே கையாலேயே எழுதி ஒட்டியது. ஒருமுறைகூட ஓட்டப்படாதது. யோரிஸ் கண்கலங்கினார். குவாத்தேக்கு வியர்த்தது. அதையும் கண்ணீர் என்று யோரிஸ் குறித்துக்கொண்டார்.

ஒரு வருடம் கழித்து "புதுப்பிக்கப்பட்ட" படம் வந்து சேர்ந்தது. உடனே வரவேற்புக் குழு அமைக்கப்பட்டது. தலைவர் மூப்பர் ஒடோய். ஏனென்றால் சன்பீம் சினிமா இப்போது வெற்றி முழக்க சபையின் ஆலயம். திரை இருந்த இடத்தில் சிலுவை. முதல் கூட்டத்திலேயே ஆழமான பொருள்கள் விவாதிக்கப்பட்டன.

"ஆலயத்துல சூனியப் படம் காட்டலாமா?" என்றார் பொருளாளர்.

"புரொஜெக்டருக்கு ஜெபம் பண்ணி எண்ணெய் பூசிட்டா காட்டலாம்," என்றார் மூப்பர்.

"எண்ணெய் பூசினா லென்ஸ் கெட்டுடும் ஐயா," என்றார் யோரிஸ் கவலையோடு.

"அப்ப ஒயருக்குப் பூசுவோம்."

தீர்மானம் நிறைவேறிய சமயத்தில் வாசலில் கோர்கோய் வந்து நின்றாள். நாற்காலிகள் சற்றுப் பின்னால் நகர்ந்தன. தலை இப்போது பவுடர் இல்லாமலே வெள்ளை.

"மூப்பரே, ஒரே ஒரு வேண்டுதல். பாகம் ரெண்டுல நான் குத்தமத்தவன்னு தெரிஞ்சா, என் எடத்த எனக்குக் குடுப்பீங்களா?"

மூப்பர் எழுந்து நின்றார். நியாயம் பேசும்போது அவருக்கு எழுந்து நின்றால்தான் வரும்.

"தாராளமா! அப்படித் தெரிஞ்சா அமெர்லியோட அடுப்ப நானே தூக்கி ஓரமா வைக்கிறேன். மொத உருண்டைய எல்லார் முன்னாலயும் உன் கையாலயே வாங்கித் திங்கிறேன். ஆனா ஒண்ணு. அந்தப் படம் வந்த நாள்ல இருந்து உன் கை பட்ட ஒரு துணுக்குகூட என் வாயில போனதில்ல. இதுக்குக் கர்த்தர் சாட்சி."

"என் வாயிலயும்தான்," என்றார் அமெர்லி. மேஜைக்கடியில் கணவர் காலை மிதித்துக்கொண்டே.

"சரி," என்றாள் கோர்கோய். "எல்லாரும் கேட்டுக்குங்க."

சனிக்கிழமை மாலை ஆலயம் நிரம்பி வழிந்தது. சிலுவைக்கு மரியாதையாக ஒரு துணி போர்த்தி, அதன்மேல் திரை கட்டியிருந்தார்கள். கோர்கோய் நீல உடை உடுத்தி முன்வரிசையில் உட்கார்ந்தாள்; நான் தைத்த உடைதான். அவளுக்கு இருபுறமும் இரண்டிரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன. நெரிசலிலும் அந்த நால்வர் இடம் காக்கப்பட்டது எங்கள் ஒழுங்குக்குச் சான்று.

முதல் பாகம் ஓடியது. என்ன தெளிவு! மாமியார் கழுத்தில் பவுடர் திட்டுத் திட்டாக நின்றது. மருமகனின் மீசை ஒரு பக்கம் ஒட்டாமல் தொங்கியது. ஆந்தை பறந்து வந்தது.

"ஏய், அது ஆந்தை இல்ல! எங்க மாமா வீட்டு வெடக்கோழி!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். "காணாமப் போச்சுன்னு தேடினோமே! குவாத்தே, நீதானா?"

"கலைக்காகப்பா!" என்றார் குவாத்தே இருட்டிலிருந்து.

கோழியின் காலில் கட்டிய கயிறு தெரிந்தது. கயிற்றைப் பிடித்த கை தெரிந்தது. பச்சை மின்னல் அடித்தபோது ஒருவரும் அலறவில்லை. இந்தக் கோழிக்கா முப்பது வருடம் ஜெபித்தோம் என்ற வருத்தம் கூட்டத்தில் பரவியது.

பாகம் இரண்டு தொடங்கியது. ஒருமுறையும் ஓடாத நாடா, இன்னும் தெளிவு. மாமியார் முற்றத்தில் மண்டியிட்டு, மருமகனைப் பார்த்து, கையைத் தூக்கினாள். "மகனே, உன்னை அழித்தவன் நானல்ல. கேள், அவன் பெயர்..." முன்வரிசையில் கோர்கோயின் உதடுகளும் சேர்ந்து அசைந்தன.

திரையில் ஒரு சவப்பெட்டி வந்தது.

மீன் வடிவச் சவப்பெட்டி. செதில் செதிலாக நீல வண்ணம். பின்னால் துக்கத்துக்குக் கறுப்பும் சிவப்பும் உடுத்திய கூட்டம். அது குவாத்தேயின் மீனவத் தந்தையை அடக்கம் செய்த நாள்.

"அபாரம்," என்று யோரிஸ் என் காதருகே பெருமூச்சு விட்டார். "உண்மையைச் சொல்லும் கணத்தில் உண்மைக்கே இறுதிச் சடங்கு! வேறெந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை."

கோர்கோய் எழுந்து திரும்பினாள். "குவாத்தே! எங்கடா என் வசனம்?"

"அப்பா அடக்கத்தன்னிக்கு நாடா தீந்துபோச்சு அக்கா," என்றது குவாத்தேயின் குரல், மிக மெதுவாக. "கேமராக்காரன் கையில கெடச்சதப் போட்டுட்டான். ஐரோப்பா மெஷினு மேல இருக்கறத உரிச்சிட்டு அடியில இருக்கறத எடுத்துரும்னு நெனச்சேன்..."

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அடுத்த காட்சி என்ன என்பதில் அவளுக்கு இனி அக்கறையில்லை. எங்களுக்குத்தான் உற்சாகம் பொங்கியது, ஏனென்றால் திரையில் நாங்கள் இருந்தோம்! இளமையாக, ஒல்லியாக, முடியோடு! "அதோ நான்!" "அடியே, உன் இடுப்பப் பாரு!" ஒரே கூச்சல். கேமரா துக்க வீட்டைச் சுற்றிக்கொண்டு சமையல் நடக்கும் பின்கட்டுக்குப் போனது.

அங்கே ஒரு சுவர். சுவரில் பெயிண்டால் வரைந்த "ஆந்தை மாமியார்" விளம்பரத் தட்டி. கோர்கோய் முகம், பச்சைக் கண், வாயில் பாதிக் கார். தட்டிக்கு நேர் கீழே ஒரு பெரிய பானை. பானைக்குப் பின்னால் நிஜக் கோர்கோய் வியர்வை வழிய உருண்டை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் வரிசை.

வரிசையில் முதல் ஆள் மூப்பர் ஒடோய்.

வாங்கினார். தின்றார். விரலை நக்கினார். வரிசையின் கடைசிக்குப் போய் மறுபடி வந்தார். மூன்றாம் முறை வந்தபோது, பச்சைக் கண்களுக்கு அடியில் நின்று, "மீன் பெருசா போடு" என்று சைகை காட்டினார். பக்கத்தில் அமெர்லி இரண்டு உருண்டைகளைத் தலைத்துணியில் முடிந்துகொண்டிருந்தார். அவர்களுக்குப் பின்னால் பொருளாளர், செயலாளர், பாடகர் குழு. ஓரத்தில் இரண்டு தட்டுகளோடு நின்ற ஒல்லிப் பெண் யார் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை.

கூச்சல் நின்றது. புதுப்பித்தலின் மகிமையை அந்த அமைதியில்தான் நான் முழுமையாக உணர்ந்தேன். பழைய நகலாக இருந்திருந்தால் பனி கொட்டி எங்களைக் காப்பாற்றியிருக்கும். இதிலோ மூப்பரின் தாடையில் ஒட்டிய தொக்கின் விதைகூடத் தெரிந்தது.

விளக்கைப் போட்டார்கள். எல்லோரும் மூப்பரைப் பார்த்தார்கள். மூப்பர் யோரிஸைப் பார்த்தார்.

"தம்பி, இதெல்லாம் படம்தான? நீங்க சொன்னீங்களே, கலைன்னு?"

"ஆமாம் ஐயா. மிக உயர்ந்த கலை."

மூப்பரின் முகம் மலர்ந்தது. எழுந்து நின்றார்.

"கேட்டீங்களா? அது படம். நான் அதுல நடிச்சேன்! தின்ன மாதிரி நடிச்சேன்!"

"நானும் நடிச்சேன்," என்றார் அமெர்லி உடனே.

"நாங்களும்!" என்றது பாடகர் குழு, நல்ல சுதியில்.

கோர்கோய் மெதுவாக எழுந்தாள். கோபமே இல்லை, கடையில் வாடிக்கையாளரிடம் பேசும் குரல்.

"நீங்க மூணு தடவ தின்னது நடிப்பு. நான் ஒரு தடவ ஆந்தையானது மட்டும் நெசமா மூப்பரே?"

யாரோ ஒரு குழந்தை களுக்கென்று சிரித்தது. பிறகு லாரி நிலையத்திலிருந்து வந்திருந்த ஓட்டுநர்கள். பிறகு ஆலயமே. மூப்பர் மட்டும் நின்றுகொண்டே இருந்தார், நியாயம் வரவில்லை.

"இன்னொண்ணும் கேக்கணும்," என்றாள் வாசலுக்குப் போகும்போது. "அன்னிக்கு உப்பு சரியா இருந்துச்சா?"

திங்கட்கிழமை காலை யாரையும் கேட்காமல் அடுப்பைச் சந்தியில் வைத்தாள். அமெர்லியின் அடுப்பு எதிரிலேயே இருக்கிறது. யாரும் அதைத் தூக்கி ஓரமாக வைக்கவில்லை. கோர்கோயிடம் வியாபாரம் அமோகம். ஆனால் முன்னால் வந்து நிற்பவர்கள் ஓட்டுநர்கள் மட்டுமே. மற்றவர்கள் என் கடைப் பின்வாசலில் கிண்ணத்தைத் துணியால் மூடிக்கொண்டு நிற்கிறார்கள்; அவளிடம் வாங்கி வந்து நிரப்புவது நான். "சட்டை அளவு குடுக்க வந்தேன்" என்கிறார்கள். இத்தனை சட்டை எங்கள் பேட்டையில் ஒருநாளும் தைக்கப்பட்டதில்லை.

படம் வீட்டில் பார்க்கும் குறுந்தகடாக விரைவில் உலகெங்கும் வெளிவரப் போகிறது. ஆகவே வரவேற்புக் குழு சென்ற வாரம் அவசரமாகக் கூடியது. என் கடையில்தான் கூடியது. ஆலயத்தில் எதிரொலி அதிகமாம். அந்தக் கூட்டத்தின் தீர்மானத்தை, கலையை நேசிக்கும் உங்கள் பார்வைக்காக அப்படியே தருகிறேன்:

"அறக்கட்டளையின் சேவையை இக்குழு மனமாரப் பாராட்டுகிறது. எனினும் புதுப்பித்தல் தேவைக்கு மேல் நடந்துவிட்டதாக உணர்கிறது. எனவே வெளிவரும் குறுந்தகட்டில், திருமதி கோர்கோயின் பச்சைக் கண்களை மட்டும் இப்போதுள்ள தெளிவிலேயே வைத்துக்கொண்டு, ஏனைய முகங்களைப் பழையபடி பனியால் மூடித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கூட்டத்தில் பரிமாறப்பட்டது: கென்கி, பொரித்த மீன், தொக்கு. உறுப்பினர்கள் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக்கொண்டனர். சமைத்தவர் பெயர் குறிப்பில் சேர்க்கப்படவில்லை."