ரேடியோ உறைக்குள் இருந்தது

கையை அழுத்திப் பார்த்து டானிக் விற்கும் நரம்பு ஐயாவின் மாடிப்படியில் இடம் பிடிக்க, தூக்கம் வராதவர்கள் விடியுமுன்பே எழுந்து வந்துவிடுவார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் வரிசையிலேயே கண்ணயர்ந்துவிடுவார்கள். உதவியாள் அவர்களைத் தட்டி எழுப்பி, தூக்கத்துக்கு டானிக் வாங்க உள்ளே அனுப்புவான். இதில் ஏதோ இடிக்கிறதே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அரைத் தூக்கத்தில் எப்படித் தோன்றும்?

கணவர் செத்துப்போனதிலிருந்து தையல்காரம்மாவிடம் தூக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. நாத்தனார் இழுத்துக்கொண்டு வந்தாள்.

ஐயா அவளுடைய வலக்கையை நீட்டச் சொல்லி அழுத்தினார். கை விழுந்தது.

"நரம்பு நைஞ்சு போச்சும்மா."

இடக்கையில் டானிக் பாட்டிலைக் கொடுத்து வலக்கையை மறுபடி அழுத்தினார். கை கட்டையாக நின்றது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறை.

"வீட்ல அவர் ஆசையா வெச்சிருந்தது ஏதாவது?"

"ரேடியோ," என்று நாத்தனார் முந்திக்கொண்டாள்.

"அதான். அது இருக்கிற வரைக்கும் மருந்து வேலை செய்யாது. நாளைக்குக் கொண்டுவந்து குடுத்துடுங்க."

நாத்தனார் நான்கு பாட்டில் வாங்கினாள். தையல்காரம்மாவின் கண் உள்ளறைப் பக்கம் போனது. கைக்கடிகாரங்கள், மின்விசிறி, ஒரு தையல் மெஷின். செத்தவர்கள் எல்லாரும் விலைபோகும் பொருள்களாகப் பார்த்து ஆசைப்பட்டிருந்தார்கள். ஒருவராவது பழைய செருப்பின்மேல் ஆசை வைக்கவில்லை.

"அண்ணன் நெனப்பு மனசுக்குள்ள இருக்கும் அண்ணி. பொட்டி எதுக்கு?" என்றாள் நாத்தனார், வீடு திரும்பும்போது.

"மனசுக்குள்ள இருக்கிறவர் செய்தி வாசிக்க மாட்டாரே."

நாத்தனார் வராத நாளில், அந்த வீட்டில் மிச்சமிருந்த ஒரே பேச்சுக்குரல் ரேடியோதான்.

மறுநாள் தையல்காரம்மா போனாள். ரேடியோவுக்கென்று அவளே தைத்த கட்டம் போட்ட உறை, வாய் சுருக்கிக் கட்டி, இடக்கையில் தொங்கியது. ஐயா வலக்கையை அழுத்தினார். விழுந்தது.

"பாத்தீங்களா? நரம்பு கதறுது."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க ஐயா."

மறுபடி அழுத்தினார். மறுபடி விழுந்தது.

"உள்ள இருக்கிறது சுத்த விஷம். இதைத் தொட்டவங்களுக்கு ஜென்மத்துக்கும் தூக்கம் வராது."

அவள் சுருக்கை அவிழ்த்து, விஷத்தை ஒவ்வொன்றாக மேஜைமேல் வைத்தாள். நான்கு டானிக் பாட்டில்கள். நான்கின் லேபிளிலும் ஐயா சிரித்துக்கொண்டிருந்தார். நாற்காலியில் இருந்தவர்தான் சிரிக்கவில்லை.

"அப்போ ரெண்டு மாசமா நான் குடிச்சது?" என்றார் வரிசையில் நின்ற பஸ் கண்டக்டர்.

"அது... பழைய சரக்கா இருக்கும்."

"கை விழணும்னா மணிக்கட்டுல அழுத்துறாரு. நிக்கணும்னா முழங்கை ஓரமா அழுத்துறாரு," என்றாள் தையல்காரம்மா. "நேத்தே பாத்தேன்."

கண்டக்டர் ஒரு பாட்டிலை எடுத்து ஐயாவின் இடக்கையில் திணித்தார். "மத்தக் கையை நீட்டுங்க சாமி."

மணிக்கட்டில் ஒரே அழுத்து. ஐயாவின் நரம்பும் நைந்துதான் போயிருந்தது. கூட்டம் சிரித்துக்கொண்டே உள்ளறைக்குள் புகுந்து, அவரவர் பொருளைத் தூக்கிக்கொண்டு இறங்கியது.

அன்று மத்தியானச் செய்தி பாதியில் இருக்கும்போதே தையல்காரம்மா வாய் பிளந்து தூங்கிப்போனாள். நாத்தனார் மெல்ல வந்து, ரேடியோவை அணைக்கக் குமிழில் கை வைத்தாள்.

"அது பாட்டுக்குப் பேசட்டும்," என்றாள் கண் திறக்காமல்.

தூக்கம் வராதவர்களே, அது வரும்போது வரட்டும். விழித்திருக்கும் நேரத்திலாவது விழித்திருங்கள்.